மருத்துவச் சட்டத்தை எந்த வாசல் வழியே படிப்பது: விருப்பப் பாடம், முதுநிலைப் பட்டம், பட்டயம் – ஓர் ஒப்பீடு

தமிழில் இந்தத் துறையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே ஒரு சொற்குழப்பம் குறுக்கே வந்து நிற்கிறது. சட்ட மருத்துவம் என்பது பிணக்கூறாய்வு, காயச் சான்றிதழ், நஞ்சியல், வயதை உறுதிசெய்தல் ஆகியவற்றைக் கற்பிக்கும் மருத்துவப் பிரிவு. சொற்களை முன்பின்னாக மாற்றி மருத்துவச் சட்டம் என்றால் துறையே மாறிவிடுகிறது. மருத்துவரும் நோயாளியும் மருத்துவமனையும் அரசும் ஒருவர் மற்றவர்மீது கொண்டுள்ள உரிமைகளும் கடமைகளும் அங்கே ஆராயப்படுகின்றன. முன்னது நீதிமன்றத்துக்கு மருத்துவம் செய்யும் உதவி. பின்னது மருத்துவத்தின்மீது சட்டம் செலுத்தும் ஆளுகை. சுகாதாரச் சட்டம் என்று மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு. தொற்றுநோய்க் கட்டுப்பாடு, மருந்து ஒழுங்குமுறை, காப்பீடு, உலக சுகாதார அமைப்பின் 2005ஆம் ஆண்டு பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள் போன்றவை அதில் அடங்கும். சேர்க்கை அறிவிப்புகளில் இந்த மூன்று பெயர்களும் கலந்தே வருவதால், ஒப்பிடத் தொடங்கும் முன் பாடத்திட்டத்தைத் திறந்து, தாம் பார்த்துக்கொண்டிருப்பது எந்தத் துறையை என்று உறுதிசெய்துகொள்வது முதல் வேலையாகிறது.

இனி, மருத்துவச் சட்டம் என்ற பெயருக்கு உரிய துறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தச் சட்டத்தையோ சொத்துரிமைச் சட்டத்தையோ போல அது தனக்கென வேர்விட்டு வளர்ந்த மரம் அன்று. தீங்கியல் சட்டம் (ஒருவர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கோர இடம்தரும் சட்டம்), குற்றவியல், குடும்பச் சட்டம், அரசமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம் ஆகிய ஐந்தாறு பிரிவுகள் நோயாளியின் படுக்கையருகே வந்து சந்திக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். இசைவு பெறாமல் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை ஒரு தீங்கு. சில வேளைகளில் குற்றமும்கூட. குழந்தைக்காக யார் முடிவெடுப்பது என்பது குடும்பச் சட்டம். மருத்துவரின் பதிவை நீக்கும் ஆணை நிர்வாகச் சட்டம். இந்தியாவில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்று வழங்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் என்று தீர்ப்பளித்தபோது, நுகர்வோர் சட்டமும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000 செப்டம்பரில் தீர்ப்பளித்த ஒட்டிப் பிறந்த இரட்டையர் வழக்கு இதற்கு நல்ல சான்று. பிரிக்காவிட்டால் சில மாதங்களில் இருவருமே இறந்துவிடுவர். பிரித்தால் ஒரு குழந்தை பிழைக்கும், மற்றது அறுவை மேசையிலேயே இறக்கும். பெற்றோர் சமய நம்பிக்கையின் பேரில் இசைவு தர மறுத்தனர். பிரிக்கலாம் என்று மூன்று நீதிபதிகளும் ஒருமித்து முடிவு செய்தனர். ஆனால் மூவரும் அந்த முடிவை அடைந்த பாதைகள் வெவ்வேறு. ஒருவர் தற்காப்பை ஒத்த ஒரு வாதத்தை முன்வைத்தார். இன்னொருவர் குற்றவியலில் உள்ள தவிர்க்கவியலாத் தேவை என்ற எதிர்வாதத்தைப் பிடித்தார். மூன்றாமவர் மருத்துவர்களின் உள்நோக்கம் எது என்ற கேள்வியை முன்னிறுத்தினார். குற்றவியலின் அடிப்படைகளை அறியாத ஒருவர் இந்தத் தீர்ப்பைப் படித்தால் நெஞ்சை உலுக்கும் ஒரு கதை கிடைக்கும். அறிந்தவருக்கு மூன்று சட்ட வாதங்களும் அவற்றுள் எது வலுவற்றது என்ற ஐயமும் கிடைக்கும்.

இந்த வேறுபாட்டைத்தான் நான் ஒப்பீட்டின் அச்சாக வைக்க விரும்புகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர், பட்டத்தின் நீளம், தரவரிசை ஆகியவற்றைவிட, ஒரு படிப்பு மாணவரிடம் ஏற்கெனவே இருக்கும் அடித்தளத்தின்மீது கட்டுகிறதா, இல்லாத அடித்தளத்தை இருப்பதாகப் பாவித்துக் கட்டுகிறதா என்பதே அந்தப் படிப்பின் பயனை முடிவு செய்கிறது. பொதுவாக முன்னால் நிற்கும் வழிகள் ஐந்து: இளநிலைச் சட்டப் படிப்புக்குள் ஒரு விருப்பப் பாடம்; அதன்பின் மருத்துவச் சட்டத்தில் எல்.எல்.எம். என்னும் முதுநிலைச் சட்டப் பட்டம்; சட்டப் பட்டம் இல்லாதோரையும் சேர்த்துக்கொள்ளும், அறவியலும் சட்டமும் கலந்த முதுகலைப் பட்டம்; பட்டயம் அல்லது தொலைநிலைப் படிப்பு; மருத்துவர் ஒருவர் முழுச் சட்டப் பட்டத்தையே படிப்பது. முனைவர் பட்ட ஆய்வு ஆறாவது. ஆனால் முதல் முடிவை எடுக்க நிற்பவருக்கு அது இப்போது பொருட்டன்று.

இவற்றை வெறும் பண்புப் பட்டியலாக அடுக்கினால் எல்லாமே நல்லவைபோலத் தோன்றும். ஆகவே ஒரே ஒரு தீர்ப்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியும் அதை எப்படிக் கையாளும் என்று பார்ப்பது பயன் தரும். ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் வழங்கிய மாண்ட்கோமரி தீர்ப்பு அதற்கு ஏற்றது. இசைவு பற்றிய பாடம் எதுவும் இன்று அதைத் தொடாமல் நடப்பதில்லை.

ஸ்காட்லாந்தில் 1999ஆம் ஆண்டு நடந்த ஒரு பிரசவம் அது. தாய்க்கு நீரிழிவு, உயரம் ஐந்தடியைச் சற்றே தாண்டும். நீரிழிவுள்ள தாய்மாருக்குக் குழந்தை பெரிதாக வளரும் என்பதால், தலை வெளிவந்த பின் தோள்கள் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 விழுக்காடு வரை உண்டு. குழந்தையின் அளவைப் பற்றித் தாய் கவலை தெரிவித்தபோதும் மருத்துவர் இந்த இடரைச் சொல்லவில்லை. சிக்கலால் குழந்தைக்குக் கடுங்கேடு நேரும் வாய்ப்பு மிகச் சிறியது என்பதும், சொன்னால் பெரும்பாலான தாய்மார் சிசேரியனையே கேட்பார்கள் என்பதும் அவர் கூறிய காரணங்கள். பிரசவத்தில் தோள்கள் சிக்கின, 12 நிமிடங்கள் குழந்தைக்குப் பிராணவாயு கிடைக்கவில்லை, மூளைவாதம் ஏற்பட்டது. ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் இரண்டு நிலைகளில் தாயின் வழக்கைத் தள்ளுபடி செய்தன. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பியது. அந்த நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் முக்கியமெனக் கருதக்கூடிய இடர்களையும், உள்ள மாற்றுவழிகளையும் சொல்லவேண்டியது மருத்துவரின் கடமை என்று அது வகுத்தது. 52 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு இழப்பீடு கிடைத்தது.

இளநிலைச் சட்டப் படிப்பில் இது விருப்பப் பாடமாக வரும்போது, மாணவர் ஏற்கெனவே தீங்கியல் சட்டத்தில் 1957ஆம் ஆண்டின் போலம் வழக்கைப் படித்திருப்பார். பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று ஏற்றுக்கொள்ளும் முறைப்படி நடந்த மருத்துவர் கவனக்குறைவானவர் ஆகமாட்டார் என்ற அந்த விதி, ஒரு நீதிபதி நடுவர் குழுவுக்குத் தந்த வழிகாட்டலாகப் பிறந்து, பின்னர் பல நாடுகளில் வேர்பிடித்தது என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. 1985இல், அன்று ஐக்கிய இராச்சியத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, இடர்களை எடுத்துரைக்கும் கடமைக்கும் பெருமளவில் அதே அளவுகோலையே பொருத்தியது. 1997இல் பொலிதோ வழக்கு, வல்லுநர் கருத்து தர்க்கத்துக்கு நிற்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தது. 2015இல் எடுத்துரைக்கும் கடமையே போலத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. இந்தச் சங்கிலியை மாணவர் வரிசையாகக் காண்கிறார். கூடவே, கடமை மீறப்பட்டது என்று மெய்ப்பித்தால் மட்டும் போதாது, இடரைச் சொல்லியிருந்தால் தாய் சிசேரியனைத் தேர்ந்திருப்பார் என்ற காரணத்தொடர்பையும் மெய்ப்பிக்கவேண்டும் என்பது அவருக்குத் தனியே சொல்லித் தரவேண்டியதில்லை. குறை நேரத்தில் உள்ளது. இசைவு, கவனக்குறைவு, கருக்கலைப்பு, உறுப்பு மாற்று, உயிர்நீட்டிப்பை நிறுத்துதல் எல்லாவற்றையும் ஒரு பருவத்துக்குள் தொட்டுச் செல்லவேண்டிய பாடம் இது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வகுப்புகளே கிடைக்கும்.

ஆயினும் இளநிலையில் இருப்பவருக்கு என் பரிந்துரை இதுவே. பள்ளி முடித்த கையோடு மருத்துவச் சட்டத்தில்தான் ஈடுபாடு என்று உறுதியாக இருப்பவர்களும், பெயரிலேயே மருத்துவத்தைச் சேர்த்துக்கொண்ட இளநிலைப் பட்டங்களைத் தேடி அலையாமல், முழுமையான சட்டப் பட்டம் ஒன்றில் சேர்ந்து, அதில் மருத்துவச் சட்டம் விருப்பப் பாடமாக இருக்கிறதா, இறுதியாண்டு ஆய்வேட்டை அதில் எழுத விடுவார்களா என்று பார்ப்பது மேல். பதினெட்டு வயதில் தோன்றும் ஈடுபாடு மாறினாலும் சட்டப் பட்டம் கைகொடுக்கும். சிறப்புப் பெயர் கொண்ட பட்டம் அந்த நெகிழ்வைத் தராது. சில நாடுகளில் அத்தகைய பட்டங்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்குப் போதுமானவை அல்ல என்பதையும் சேர்வதற்கு முன் விசாரித்துக்கொள்ளவேண்டும்.

எல்.எல்.எம். படிப்பில் மாண்ட்கோமரி ஒரு வகுப்பின் தலைப்பாக நில்லாமல் ஒரு விவாதத்தின் தொடக்கமாகிறது. அங்கே கேட்கப்படும் கேள்விகள் வேறு. மாற்றுவழி எது என்று தீர்மானிப்பவர் யார்? நோயாளி கேட்கக்கூடிய எல்லாவற்றையும் மருத்துவர் அடுக்கவேண்டுமா, தொழில்முறையில் பொருத்தமென்று தாம் கருதுபவற்றை மட்டும் சொன்னால் போதுமா? 2023இல் அதே உச்ச நீதிமன்றம் மெக்கலக் வழக்கில், எவை பொருத்தமான மாற்றுவழிகள் என்பதை முடிவு செய்யத் தொழில்முறை அளவுகோலே பொருந்தும் என்றது. அதாவது, முன்வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட போலம் பக்கவாட்டுக் கதவைத் தட்டி ஓரளவு உள்ளே வந்திருக்கிறது. இந்த இழுபறியை ஆராய்ந்து பத்தாயிரம் சொற்களுக்கு மேற்பட்ட ஆய்வேட்டை எழுதும்போதுதான் மாணவர் தீர்ப்புகளை ஒப்பிக்கும் நிலையிலிருந்து அவற்றோடு வாதிடும் நிலைக்கு உயர்கிறார். ஓராண்டோ ஈராண்டோ நீளும் இந்தப் படிப்பின் உண்மையான விளைபொருள் ஆய்வேடுதான் என்பது என் கருத்து. வகுப்புகள் அதற்கான தயாரிப்பு.

சட்டப் பட்டம் பெற்றவுடனேயே எல்.எல்.எம். சேர்வதா, இரண்டு மூன்று ஆண்டுகள் தொழில் செய்துவிட்டுச் சேர்வதா என்பது அடிக்கடி எழும் துணைக்கேள்வி. கல்விப் பணியை நோக்கிப் போகிறவர் உடனே சேர்வதில் இழப்பேதும் இல்லை. நீதிமன்றத்தை நோக்கிப் போகிறவர் சற்றுக் காத்திருக்கலாம். ஒரு மருத்துவக் கோப்பை முதலிலிருந்து முடிவுவரை படித்து, செவிலியர் குறிப்புக்கும் மருத்துவர் குறிப்புக்கும் இடையே உள்ள நேர முரண்பாட்டைத் தானே கண்டுபிடித்தவருக்கு, வல்லுநர் சாட்சியம் பற்றிய வகுப்பு வேறு பொருளில் விளங்கும்.

மூன்றாவது வழி, அறவியலும் சட்டமும் கலந்த முதுகலைப் பட்டம், வரலாற்று நோக்கில் சுவையானது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1978இல் மருத்துவச் சட்டம், அறவியல் மையம் தொடங்கப்பட்டதில் முதன்மைப் பங்கு சட்டப் பேராசிரியர் இயன் கென்னடிக்கு உண்டு. மருத்துவர்கள் அறநெறி முடிவுகளைத் தங்கள் தனித்தொழில் அறிவாகக் கருதுவதை எதிர்த்து அவர் 1980இல் பிபிசி வானொலியில் ஆற்றிய ரீத் சொற்பொழிவுகள் பெரும் வாதத்தைக் கிளப்பின. எடின்பரோவிலோ சட்டமருத்துவப் பேராசிரியர் ஒருவரும் சட்டப் பேராசிரியர் ஒருவரும் இணைந்து 1983இல் எழுதிய பாடநூல் அந்தத் துறையின் அடித்தள நூல்களுள் ஒன்றாயிற்று. அந்தச் சட்டப் பேராசிரியரை உலகம் இன்று துப்பறியும் நாவல்களின் ஆசிரியராகவே அதிகம் அறிகிறது. தொடக்கத்தில் நான் பிரித்துக் காட்டிய இரு துறைகளின் ஆசிரியர்களே ஒரு நூலில் கூடியிருப்பது, சொற்குழப்பத்துக்கும் ஓரளவு நியாயம் உண்டு என்று காட்டுகிறது.

இத்தகைய படிப்பில் வகுப்பறையே பாதி ஆசிரியர். மயக்கவியல் மருத்துவர், செவிலியர், மெய்யியல் பட்டதாரி, சட்டம் முடித்தவர் ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்து மாண்ட்கோமரியைப் பேசும்போது, மருத்துவர், பத்து நிமிடப் புறநோயாளர் சந்திப்பில் இவ்வளவையும் எப்படிச் சொல்வது என்பார். மெய்யியல் படித்தவர், தன்னாட்சி என்றால் என்னவென்று முதலில் வரையறுக்கச் சொல்வார். சட்டம் படித்தவர் காரணத்தொடர்பை நினைவூட்டுவார். நூலகத்தில் கிடைக்காத கல்வி அது. மனிதர்மீது நடத்தும் ஆய்வுகளுக்கான நியூரம்பெர்க் நெறிமுறை ஏன் 1947இல் தேவைப்பட்டது, 1964இன் ஹெல்சிங்கி அறிக்கை அதன்மேல் எதைச் சேர்த்தது, இரண்டும் வந்த பின்னும் அமெரிக்காவின் டஸ்கீகியில் கருப்பின ஆண்களுக்கு மேகநோய் சிகிச்சையை மறுத்த ஆய்வு 1972வரை எப்படித் தொடர்ந்தது என்ற கேள்விகளை எல்.எல்.எம். வகுப்பைவிட இந்த வகுப்பு நெடுநேரம் பேசும். ஆராய்ச்சி அறநெறிக் குழுவில் உறுப்பினராக இருப்பவருக்கோ இருக்க விரும்புபவருக்கோ இதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை.

ஆனால் இதன் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சட்டப் பின்னணி இல்லாதோருக்காகத் தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரங்கள் சட்ட முறைமை பற்றி ஓர் அறிமுகம் நடத்துவார்கள். அதில் முன்தீர்ப்பு, மேல்முறையீடு, சட்டமன்றச் சட்டம் என்பவை கற்பிக்கப்படும். அந்த அறிமுகத்தை நம்பி மேலே போகும் மாணவர் தீர்ப்பின் முடிவைக் கற்கிறார். எந்தக் கூற்று கட்டுப்படுத்தும் விதி, எந்தக் கூற்று போகிறபோக்கில் சொல்லப்பட்டது என்று பிரிக்கும் பழக்கம் அவருக்கு எளிதில் வருவதில்லை. அதனால் இந்தப் பட்டத்தை முடித்த மருத்துவர் சிறந்த குழு உறுப்பினராகலாம், சிறந்த ஆசிரியராகலாம். வழக்கொன்றில் சட்டக் கருத்துரை எழுத இது போதாது.

அதற்குத்தான் முழுச் சட்டப் பட்டம். மருத்துவத்தில் பத்தாண்டு கழித்தவர்களுள் சிலருக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. இரட்டைத் தகுதி என்ற சொல்லுக்கு ஒரு கவர்ச்சியும் உண்டு. மாண்ட்கோமரியின் மருத்துவப் பகுதியை இவர் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார். தோள் சிக்குதலின் விழுக்காட்டுக்கும், அதனால் நிலையான கேடு விளையும் மிகச் சிறு விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளிதான் வழக்கின் முடிச்சு என்பதைச் சட்டம் மட்டும் படித்தவர் கண்டுகொள்ள நேரமாகும். ஆனால் விலை பெரிது. பல நாடுகளில் மூன்றாண்டு முழுநேரப் படிப்பு. வழக்கறிஞராகப் பதிவதற்குப் பயிற்சிக்காலம் தனி. இந்தியாவில் வழக்கறிஞர் தொழிலுக்கு வகுப்பில் நேரில் பயின்ற பட்டம் தேவை என்பதோடு இன்னொரு தடையும் இருக்கிறது. மருத்துவத் தொழிலை விடாமலேயே வழக்கறிஞராகப் பதிய முயன்ற ஒரு மருத்துவரின் வழக்கில், இரு தொழில்களையும் ஒருசேர நடத்த அனுமதிக்காத வழக்கறிஞர் மன்ற விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது. இரட்டைத் தகுதி வேறு, இரட்டைத் தொழில் வேறு என்பதை இந்தத் தீர்ப்பு தெளிவாக உணர்த்துகிறது. ஆகவே நீதிமன்றத்தில் தாமே எழுந்து வாதாடவேண்டும், அல்லது மருத்துவத்தை ஒருநாள் விட்டுவிடத் தயார் என்று உறுதி உள்ள மருத்துவருக்கு மட்டுமே இந்த வழியைச் சொல்வேன். மற்றவர்களுக்குப் பணியோடு சேர்த்துப் பகுதிநேரமாகப் படிக்கும் முதுகலைப் பட்டமே போதுமானது.

பட்டயப் படிப்புகளை எளிதில் இகழ்ந்துவிடுவது வழக்கம், அது முறையன்று. பெங்களூரின் இந்திய தேசியச் சட்டப்பள்ளிப் பல்கலைக்கழகம் மருத்துவச் சட்டத்திலும் அறவியலிலும் தொலைநிலை முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. எடின்பரோ பல்கலைக்கழகம் இதே துறையின் எல்.எல்.எம். படிப்பை இணையவழியிலும் தருகிறது. இவ்விரண்டும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. முன்னது அறிமுகமும் தொழில்சார் தெளிவும், பின்னது முழு முதுநிலைக் கல்வி. தொலைநிலை என்ற சொல் படிப்பின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர ஆழத்தைச் சொல்வதில்லை. மருத்துவமனை நிர்வாகி, காப்பீட்டு நிறுவனத்தில் கோரிக்கைகளைப் பரிசீலிப்பவர், பணிநேரம் நெருக்கும் மருத்துவர் ஆகியோருக்குப் பட்டயம் தருவது நாளையே பயன்படும் அறிவு: இசைவுப் படிவம் என்ன சொல்லவேண்டும், பதிவேட்டைத் திருத்தினால் என்னவாகும், புகார்க் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது. மாண்ட்கோமரி அங்கே ஒரு பத்தியாகவோ ஒரு பக்கமாகவோ வரும். அந்தப் பக்கம் தரும் நன்மை உண்மையானது. அதையே துறை என்று எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எந்த நாட்டில் படிப்பது என்ற கேள்விக்குச் சற்றுக் கூடுதல் இடம் தரவேண்டியிருக்கிறது, ஏனெனில் வெளிநாட்டுப் பட்டம் தேடுவோர் பலர் இதைக் கடைசியாகவே யோசிக்கிறார்கள். பொறியியல் எல்லைகளைக் கடக்கும்; சட்டம் அவ்வளவு எளிதாகக் கடப்பதில்லை. ஐக்கிய இராச்சியத்தில் ஓராண்டு மாண்ட்கோமரியில் தோய்ந்துவிட்டு வந்தவர் இந்தியாவில் எதிர்கொள்வது 2008ஆம் ஆண்டின் சமீரா கோலி தீர்ப்பை. சோதனைக்காக மயக்கநிலையில் இருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், அவர் தாயிடம் மட்டும் இசைவு பெற்று அகற்றிய வழக்கு அது. அந்த இசைவு செல்லாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், எவ்வளவு தகவல் தரவேண்டும் என்பதில் 1972இல் அமெரிக்காவில் கேன்டர்பரி வழக்கு வகுத்த நோயாளி மைய அளவுகோலை ஏற்காமல், மருத்துவர் பழக்கத்தை ஒட்டிய அளவுகோலையே தேர்ந்தது. சிங்கப்பூரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் மாண்ட்கோமரியைச் சில மாற்றங்களோடு ஏற்றது. நாடாளுமன்றம் 2020இல் சட்டம் இயற்றி அதற்கு மாறாக ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவர, அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2017இல், நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் போலம், ஆலோசனை தருவதற்கு ஆஸ்திரேலியாவின் 1992ஆம் ஆண்டு நோயாளி மைய அளவுகோல் என்று இரண்டாகப் பிரித்தது. ஒரே கேள்விக்கு நான்கு நாடுகளில் நான்கு விடைகள்.

இதனால் வெளிநாட்டில் படிப்பது வீண் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒப்பாய்வுக்கு இடம்தரும் பாடத்திட்டமும், சொந்த நாட்டுச் சட்டத்தை மையமாக வைத்து ஆய்வேடு எழுத அனுமதிக்கும் துறையும் கிடைத்தால் அதுவே பெரும் ஆதாயம். அப்படி இல்லாமல் அந்த நாட்டின் சட்டத்தை மட்டும் கற்றுத் திரும்புகிறவர், திரும்பியபின் இன்னோர் ஆண்டைத் தம் நாட்டுச் சட்டத்தைத் தாமே படிப்பதில் செலவிடவேண்டியிருக்கும். கவனக்குறைவுக்கு வழக்கு தொடுக்காமலே இழப்பீடு வழங்கும் நியூசிலாந்து போன்ற நாட்டில் படிப்பவருக்கு இந்த இடைவெளி இன்னும் அகலம். அங்கே 1974 முதல் நடைமுறையில் உள்ள விபத்து இழப்பீட்டுத் திட்டத்தால் இந்தத் துறையின் வழக்குப் பகுதியே வேறு வடிவில் வளர்ந்திருக்கிறது.

இரண்டு படிப்புகள் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருந்து, எதில் சேர்வது என்று தடுமாறும்போது, விளம்பரக் கையேட்டைவிடத் தேர்வு வினாத்தாள் அதிகம் சொல்லும். கற்பனை நிகழ்வு ஒன்றைத் தந்து, இந்த மருத்துவமனைக்கு என்ன ஆலோசனை கூறுவீர் என்று கேட்கும் வினாக்கள் இருந்தால் அது வாதிடப் பழக்கும் படிப்பு. விளக்குக, விவரிக்க என்று மட்டுமே வினாக்கள் இருந்தால் அது நினைவாற்றலைச் சோதிக்கும் படிப்பு. வாசிப்புப் பட்டியலில் தீர்ப்புகள் முழுமையாகக் குறிக்கப்பட்டுள்ளனவா, தீர்ப்புச் சுருக்க நூல் மட்டும்தானா என்பதும் அதே அளவுக்குக் காட்டிக்கொடுக்கும். செயற்கை நுண்ணறிவு, மரபணுத் திருத்தம் போன்ற புதுமைத் தலைப்புகளை முன்வரிசையில் காட்சிக்கு வைக்கும் பாடத்திட்டங்களைக் கண்டால் எனக்குச் சற்று ஐயம் வரும். கருநிலையிலேயே மரபணு திருத்தப்பட்ட குழந்தைகள் பிறந்ததாக 2018இல் அறிவித்த சீன அறிவியலாளர் 2019இல் சிறைத்தண்டனை பெற்றது நிச்சயமாகப் பேசவேண்டிய பொருள்தான். ஆனால் இசைவும் கவனக்குறைவும் உறுதியாகக் கற்பிக்கப்படாத வகுப்பில் அது வெறும் செய்தி வாசிப்பாக முடியும்.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒரு நேர்மையான சொல். மருத்துவச் சட்டம் மட்டுமே செய்யும் பணியிடங்கள் எங்கும் மிகுதியாக இல்லை. மருத்துவர்களுக்குத் தொழிற்பொறுப்புக் காப்பு தரும் அமைப்புகள், பெரிய மருத்துவமனைகளின் சட்டப் பிரிவுகள், நோயாளிகள் தரப்பிலும் மருத்துவமனைகள் தரப்பிலும் வாதாடும் அலுவலகங்கள், மருத்துவ ஒழுங்குமுறை மன்றங்கள், மருந்து நிறுவனங்களின் இணக்கப் பிரிவுகள் ஆகியவையே களங்கள். இவற்றுள் பெரும்பாலானவை முதலில் கேட்பது பொதுவான வழக்கறிஞர் தகுதியையோ மருத்துவத் தகுதியையோதான். மருத்துவச் சட்டப் பட்டம் அதன்மேல் வைக்கும் கூடுதல் எடை. சட்டம் படித்தவருக்கு எல்.எல்.எம்., மருத்துவருக்குக் கலப்பு முதுகலை, பணியில் நிலைத்துவிட்டவருக்குப் பட்டயம் என்று நான் மேலே பிரித்ததற்கு இந்த நடைமுறையும் ஒரு காரணம்.

ஒருவேளை எல்லாம் சமமாக அமைந்து, கட்டணமும் காலமும் நாடும் பொருந்தி, இரண்டு எல்.எல்.எம். படிப்புகள் கையில் எஞ்சினால், ஆய்வேட்டை வழிநடத்தப் போகிறவர் யார் என்று இரு துறைகளுக்கும் எழுதிக் கேட்டுவிடலாம். அவர் கடந்த சில ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளுள் இரண்டைப் படித்துப் பார்த்து, அவற்றோடு முரண்படத் தமக்கு ஏதேனும் தோன்றுகிறதா என்று கவனிக்கவேண்டும். முரண்படத் தோன்றுகிற பேராசிரியர் இருக்கும் துறையையே நான் தேர்ந்தெடுப்பேன்.